"நிலைத்திருந்தால்" என்பதை அன்றாட வாழ்க்கையில் எப்படி நடத்துவது?

வெட்டாற்றங்கரை:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

"சத்தியம் உங்களை விடுதலையாக்கும்" என்ற வசனம் காலண்டரில் இருக்கிறது, ஆட்டோவின் முதுகில் இருக்கிறது, தினமும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது. யோவான் 8:32. அதற்கு முந்தின வசனத்தை யாரும் எழுதி வைப்பதில்லை: "நீங்கள் என் உபதேசத்தில் நிலைத்திருந்தால்". நிலைத்திருந்தால்தான் சத்தியத்தை அறிவோம், அறிந்தால்தான் விடுதலை. அந்த "நிலைத்திருந்தால்" பற்றித்தான் என் கேள்வி.

திருவாரூர்ப் பக்கம் விவசாய வீடு. காலையில் எனக்கென்று கிடைப்பது அரை மணி நேரம். ஜனவரி முதல் தேதி ஆதியாகமத்தில் தொடங்கினால், ஒவ்வொரு முறையும் யாத்திராகமத்தில் ஆசரிப்புக்கூடாரத்தோடு (இஸ்ரவேலர் வனாந்தரத்தில் அமைத்த ஆராதனைக் கூடாரம்) நின்றுபோகிறது. பிறந்த வீட்டிலிருந்து வந்த பழைய மொழிபெயர்ப்பு வேதாகமமும் இருக்கிறது, புகுந்த வீட்டின் திருவிவிலியமும் (புதிய மொழிபெயர்ப்பு) இருக்கிறது. எதை வைத்துப் படிப்பது, எங்கே தொடங்குவது?

இரண்டாவது, ஜெபக்குழுவில் "நிலத்தை விற்று மகனை வெளிநாட்டுக்கு அனுப்பு, கர்த்தர் சொல்கிறார்" என்று ஒரு தீர்க்கதரிசனம். ஆதாரமாக எரேமியா 29:11, உங்களைப் பற்றிய என் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று கர்த்தர் சொல்லும் வசனம். இதை எப்படிச் சோதிப்பது?

மூன்றாவது, கூலியிலோ எடையிலோ நம் பக்கம் தவறு நடந்திருக்கிறது என்று தெரிந்தால், ஜெபத்தில் அறிக்கை செய்தால் போதுமா?

கல்லணைக்கால்வாய்:

சகோதரி, முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். உங்களை நிறுத்துவது ஆசரிப்புக்கூடாரம் இல்லை, பஞ்சாங்கம். நாளுக்கு மூன்று அதிகாரம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆதியாகமம் 50 அதிகாரம். ஜனவரி 25 அன்று யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தில் வந்து நிற்பீர்கள். முழக் கணக்கு, கொக்கி, பாதம், தொங்குதிரை எல்லாம் அங்கேதான் ஆரம்பம். 31ஆம் தேதி லேவியராகமம். நம் பக்கம் அது சம்பா அறுப்பு. அறுப்பு மெஷின் எப்போது வரும் என்று தெரியாமல், களத்து நெல்லை மழை நனைத்துவிடுமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் வாரங்களில் தொங்குதிரையின் நீள அகலம் யார் மண்டையிலும் ஏறாது.

அதனால் தேதியை மாற்றுங்கள். சாம்பல் புதன் நல்ல தொடக்கம். உளுந்தும் பயறும் வயலில் நிற்கும் காலம், கைவேலை கொஞ்சம் குறைந்திருக்கும். ஞாயிறுகளை விட்டால் ஈஸ்டர் வரை 40 நாள். மாற்கிலிருந்து தொடங்குங்கள். மொத்தமே 16 அதிகாரம். முதல் சுற்றை நாளுக்கு நான்கு அதிகாரமாக நான்கே நாளில், எதையும் ஆராயாமல், வாய்விட்டு வாசித்து முடித்துவிடுங்கள். முழுச் சரித்திரமும் ஒரே ஓட்டத்தில் மனதில் விழ வேண்டும். இரண்டாம் சுற்றில் நாளுக்கு அரை அதிகாரம். 8:29-இல் பேதுரு "நீர் கிறிஸ்து" என்கிறான், உடனே 8:31-இல் இயேசு தம் பாடுகளைப் பேச ஆரம்பிக்கிறார். 9:31-இலும் 10:33-இலும் மறுபடி. மூன்று தடவையும் சீஷர்களுக்குப் புரியவில்லை. முதல் தடவை பேதுரு அவரையே கடிந்துகொள்கிறான், மற்ற இரண்டு தடவையும் அதற்கு அடுத்ததாகவே "யார் பெரியவன்" என்கிற மாதிரியான பேச்சு. தனித்தனி வசனமாகப் படிப்பவர் கண்ணில் இது படவே படாது.

மாற்கு முடிந்ததும் யோவான், 21 அதிகாரம். நான்கு சுவிசேஷமும் சேர்த்து 89, நாளுக்கு ஒன்று என்றால் மூன்று மாதம். அதன் பிறகு ஆதியாகமம், யாத்திராகமம் 20 வரை, 32 முதல் 34 வரை. நடுவில் உள்ளதைத் தாண்டுவது பாவம் இல்லை. தாண்டியதைப் பென்சிலில் குறித்து வையுங்கள், எபிரெயர் நிருபம் படிக்கும்போது நீங்களே தேடி வந்து படிப்பீர்கள்.

அந்த அரை மணியை இப்படிப் பிரிக்கலாம்: 15 நிமிடம் வாசிப்பு, 5 நிமிடம் எழுத, 10 நிமிடம் ஜெபம். நோட்டில் ஒரே வரி போதும், அன்றைக்குச் செய்ய வேண்டிய ஒரு காரியம். "அன்பாக இருக்க வேண்டும்" என்று எழுதினால் சாயங்காலத்துக்குள் மறந்துபோகும். "இரவு மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும்போது முகம் சுளிக்கக் கூடாது" என்று எழுதுங்கள். ஆள், நேரம், செய்கை மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரட்டிப்பாகப் படித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். பெரும்பாலானவர்கள் அந்த இடத்தில்தான் விடுகிறார்கள். நாலு நாள் பாக்கி பன்னிரண்டு அதிகாரமாகக் குவிந்ததும் வேதத்தைத் தொடவே பயம் வந்துவிடும். நின்ற இடத்திலிருந்து அன்றைய பங்கை மட்டும் படியுங்கள்.

பொறையார்_வாசகன்:

இரண்டு வேதமும் வீட்டில் இருப்பது பெரிய பாக்கியம் அக்கா. தினசரி வாசிப்புக்கு ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள், சந்தேகம் வரும் இடத்தில் மற்றதைத் திறங்கள். எண்ணிக்கையில் முதலில் குழப்பம் வரும். பழைய மொழிபெயர்ப்பில் 66 புத்தகம், திருவிவிலியத்தில் 73. பெயர்களும் வேறு: ஆதியாகமம் அங்கே தொடக்க நூல், அப்போஸ்தலருடைய நடபடிகள் அங்கே திருத்தூதர் பணிகள். இது ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கவனிக்க வேண்டியது சொற்களை. 1 கொரிந்தியர் 13:13-ஐ இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையதில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. திருவிவிலியத்தில் நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. அதே "நம்பிக்கை" என்ற சொல் ஒன்றில் இரண்டாவதாக வருகிறது, மற்றதில் முதலாவதாக வருகிறது, இரண்டுக்கும் அர்த்தம் வேறு. வீட்டில் நீங்கள் ஒன்று சொல்ல, உங்கள் மாமியார் இன்னொன்று புரிந்துகொண்டு வாக்குவாதம் ஆவதற்கு இது ஒன்றே போதும். "வழியும் சத்தியமும் ஜீவனும்" என்று இங்கே இருப்பது அங்கே "வழியும் உண்மையும் வாழ்வும்". பொருள் ஒன்றுதான்.

இதைவிட முக்கியமானது "ஜாதி". பழைய மொழிபெயர்ப்பில் "சகல ஜாதிகளையும் சீஷராக்கி", "பரிசுத்த ஜாதி" என்றெல்லாம் வரும். அங்கே ஜாதி என்றால் தேசத்தார், மக்களினம். நம் ஊர்ச் சாதி அல்ல. புதிதாக வாசிக்கும் பிள்ளைகளுக்கு இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நம் டெல்டாச் சபைகளுக்கு இதில் பழைய காயம் உண்டு. 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாட்டை ஒழிக்கச் சொன்னபோது தஞ்சாவூரில் பலமான எதிர்ப்பு எழுந்தது. யாக்கோபு 2ஆம் அதிகாரம் ஆலயத்தில் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதைப் பற்றியே பேசுகிறது. சத்தியத்தில் நிலைத்திருப்பதைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த முதல் நான்கு வசனங்களைத் தாண்டிப் போக முடியாது.

"சத்தியம்" என்ற சொல்லுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எபிரெயத்தில் அது "எமெத்". நாம் ஜெபத்தின் கடைசியில் சொல்லும் "ஆமென்" அதே வேரிலிருந்து வருகிறது. உறுதியானது, பாரம் வைத்தால் தாங்குவது என்பது அடிப்படைப் பொருள். விசுவாசம் என்று நாம் படிக்கும் "எமுனா"வும் அதே வேர். யாத்திராகமம் 17:12-இல் அந்தச் சொல் எங்கே வருகிறது பாருங்கள். அமலேக்கியரோடு யுத்தம் நடக்கும்போது மோசேயின் கை தளர்கிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவனை உட்கார வைக்கிறார்கள். ஆரோன் ஒரு பக்கம், ஊர் என்பவன் ஒரு பக்கம் கையைத் தாங்குகிறார்கள். சூரியன் அஸ்தமிக்கும் வரை கை நிலையாய் இருந்தது. அந்த "நிலை"தான் எமுனா. ஆபகூக் 2:4-இல் நீதிமான் விசுவாசத்தினாலே பிழைப்பான் என்பதும் அதே சொல்தான். உங்கள் "நிலைத்திருந்தால்" கேள்விக்கு இதைவிட நேரான படம் எனக்குத் தெரியவில்லை. அதில் மோசே தனியாகவும் இல்லை, நின்றுகொண்டும் இல்லை. வாரம் ஒரு முறையாவது இரண்டு பேரோடு சேர்ந்து வாசியுங்கள்.

தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து, 1715-இல் அது அச்சில் வெளிவந்தது. அதற்குப் பின் எத்தனையோ கைகள் திருத்தின. ஒவ்வொரு சொல்லையும் யாரோ தேடித்தான் வைத்திருக்கிறார்கள். நாமும் தேடிப் படிக்கலாம்.

திருமலைராஜன்_ஆறு:

இரண்டாவது கேள்வி. எரேமியா 29:11-ஐ அனுப்பினால் 28ஆம் அதிகாரத்திலிருந்து படியுங்கள். அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எல்லார் முன்பாகவும், இரண்டே வருஷத்தில் பாபிலோன் போன ஆலயப் பணிமுட்டுகளும் (பாத்திரங்களும்) ஜனங்களும் திரும்பிவருவார்கள், கர்த்தர் சொல்லுகிறார் என்கிறான். கேட்க இனிப்பான வார்த்தை. எரேமியா கோபப்படவில்லை. "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்று சொல்லிவிட்டு, நடந்தால்தான் தெரியும் என்கிறான். அனனியா எரேமியாவின் கழுத்திலிருந்த மர நுகத்தை எடுத்து உடைக்கிறான். எரேமியா பதில் பேசாமல் போய்விடுகிறான். வார்த்தை அவனுக்குப் பிற்பாடுதான் வருகிறது: நீ மர நுகத்தை உடைத்தாய், அதற்குப் பதிலாக இரும்பு நுகம். இது நடந்தது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதத்தில் அனனியா செத்துப்போனான்.

அதற்கு அடுத்துத்தான் 29. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய கடிதம் அது. வீடுகளைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், எழுபது வருஷம் ஆகும். அதன் பிறகுதான் 11ஆம் வசனம். "இப்போதே கிளம்பு" என்பதற்கு ஆதாரமாக அந்த வசனத்தைக் காட்டுவது, எரேமியாவின் வாயில் அனனியாவின் வார்த்தையை வைப்பது.

இனி சோதிக்கும் விதம். 1 தெசலோனிக்கேயர் 5:20-21 தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணாதே என்கிறது, அதே மூச்சில் எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்கிறது. 1 கொரிந்தியர் 14:29 படி ஒருவர் பேச மற்றவர்கள் நிதானிக்க வேண்டும். ஆகவே "யாருக்கும் சொல்லாதே, உனக்கு மட்டும்" என்று காதோடு வந்த வார்த்தை அந்த இடத்திலேயே தவறிவிட்டது. சொன்னதை அப்படியே, தேதியோடு எழுதி வையுங்கள். அதே வார்த்தையைச் சபை ஆயர் முன்னும் உங்கள் வீட்டுக்காரர் முன்னும் மறுபடி சொல்லச் சொல்லுங்கள். பலருக்கு அங்கே வார்த்தை மாறும். விற்றால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். வாங்குகிறவரோ ஏஜெண்டோ அந்தக் குழுவுக்கு வேண்டியவராக இருந்தால் மீகா 3:11-ஐ வாசியுங்கள், பணத்துக்குக் குறிசொல்லும் தீர்க்கதரிசிகளைப் பற்றியது. "இந்த வாரத்துக்குள் முடிவெடு" என்று நெருக்கினால் இன்னும் தள்ளிப்போடுங்கள்.

சொன்னது பலித்துவிட்டால்கூட அதுவே முத்திரை அல்ல. உபாகமம் 13 தொடக்கத்தைப் பாருங்கள், அடையாளம் நடந்தாலும் அது உங்களை யாரிடம் கொண்டுபோகிறது என்பதுதான் கேள்வி.

நிலத்தை விற்பது தன்னிலே பாவமும் இல்லை, பக்தியும் இல்லை. நாபோத் என்பவன், ராஜாவே கேட்டும் பிதாக்களின் சுதந்தரத்தைக் கொடுக்க மறுத்தான். பர்னபா தன் நிலத்தை விற்றான். அனனியா என்ற அதே பெயருள்ள இன்னொருவனிடம் பேதுரு சொன்னது அப்போஸ்தலர் 5:4-இல் இருக்கிறது: விற்குமுன் அது உன்னுடையது, விற்ற பின்னும் அதின் கிரயம் உன் வசத்தில் இருந்தது. அவனை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பொய்தான் அவன் குற்றம். ஆகவே விற்பதா வேண்டாமா என்பது உங்கள் குடும்பம் கலந்து எடுக்க வேண்டிய முடிவு. பட்டா யார் பெயரில், வேறு யாருக்கும் பங்கு உண்டா, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டுக்கு 1983 குடியேற்றச் சட்டப்படி பதிவு இருக்கிறதா, இதையெல்லாம் பார்ப்பதும் "சோதித்துப் பார்" என்பதில் அடக்கம்.

காவேரிப்பூம்பாடி:

வாக்குத்தத்த அட்டையை (புத்தாண்டில் ஆளுக்கொன்றாக எடுக்கும் வசன அட்டை) யாரும் ஒதுக்கிவிட வேண்டாம் என்று ஒரு வார்த்தை. எழுதப் படிக்க அதிகம் தெரியாத பெரியவர்களுக்கு ஆண்டு முழுவதும் மனதில் நிற்பது அந்த ஒரு வசனம்தான். அட்டை கையில் வந்த அன்றே அந்த அதிகாரம் முழுவதையும் யாராவது அவர்களுக்கு வாசித்துக் காட்டினால் போதும். பிலிப்பியர் 4:13 எடுத்தவருக்கு 11, 12 வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பவுல் சொன்னது பரீட்சையில் முதலிடம் வாங்குவதைப் பற்றி அல்ல. பட்டினியிலும் பரிபூரணத்திலும் மனரம்மியமாய் இருப்பதைப் பற்றி.

கோடியக்கரை:

ஜெபத்தில் உண்மை பேசுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சங்கீதம் 13 ஆறே வசனம். முதல் இரண்டு முறையீடு: எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர். அடுத்த இரண்டு விண்ணப்பம். கடைசி இரண்டு நம்பிக்கை. பயிர் முழுகிக் கிடக்கும்போது முதல் இரண்டு வசனங்களைத் தாண்டி நேரே கடைசிக்குப் போய் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்வது ஜெபத்தில் சொல்லும் பொய். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்கும் 2018 நவம்பர் 16 கஜாவுக்கும் பிறகு இந்தக் கடற்கரையில் "இது இன்ன பாவத்துக்குத் தண்டனை" என்று பேசியவர்கள் உண்டு. லூக்கா 13:4-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் செத்ததைப் பற்றி இயேசுவே அப்படிப் பேச மறுத்தார். யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரி. வாயைத் திறந்த பிறகுதான் கர்த்தர் அவர்கள்மேல் கோபப்பட்டார். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் யோபு 2:13-ஐ நினைவில் வைத்துக்கொண்டு போக வேண்டும்.

அடைக்கலம்:

மூன்றாவது கேள்விக்கு நேரான பதில்: அறிக்கை மட்டும் போதாது. நாங்கள் கத்தோலிக்கர், ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்) பெறுகிறவர்கள். எங்கள் திருச்சபையின் மறைக்கல்வி 1459ஆம் எண்ணிலும் இதுதான் இருக்கிறது. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் அதனால் விளைந்த கேட்டை நாம்தான் சரிசெய்ய வேண்டும், எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது என்பதற்கு வேதத்தில் கணக்கே இருக்கிறது. லேவியராகமம் 6:5, எண்ணாகமம் 5:7: முதலும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும். பேசின கூலி 500, கொடுத்தது 450, ஆறு நாள் வேலை என்றால் பாக்கி 300. ஐந்தில் ஒன்று 60. கொடுக்க வேண்டியது 360. நெல் எடையில் 40 கிலோ சிப்பத்துக்கு ஒரு கிலோ கூடுதலாக இழுத்து 60 சிப்பம் வாங்கியிருந்தால் 60 கிலோ, அதோடு 12, ஆக 72 கிலோ, அல்லது அதன் விலை. இது தானாக ஒத்துக்கொள்கிறவனுக்கு. பிடிபட்ட திருடனுக்கு யாத்திராகமம் 22 இரட்டிப்பும் நாலத்தனையும் விதிக்கிறது. சகேயு தானாகவே நாலத்தனை கொடுக்க முன்வந்தான், அது அவன் பெருமனது.

இதில் பொதுவாக நடக்கும் தவறு, அந்தப் பணத்தைக் கோயில் உண்டியலில் போடுவது. வேளாங்கண்ணிக்கு நடந்துபோய்க் காணிக்கை போட்டாலும் அந்த 360 ரூபாய் தீராது, அது இன்னொருவர் வீட்டு அரிசி. மத்தேயு 5:23-24 காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அந்த ஆளிடம் போ என்கிறது. யாக்கோபு 5:4-இல் கூக்குரலிடுவது வயலை அறுத்தவர்களின் பிடிக்கப்பட்ட கூலியே. உபாகமம் 24:15 பொழுது போகுமுன் கூலியைக் கொடு என்கிறது. அறுப்பு முடிந்து நெல் பணம் வரட்டும் என்று நிறுத்தி வைப்பதற்கு அதில் இடமே இல்லை.

விவசாயி பக்கமும் ஒன்று உண்டு. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் வழக்கமாக 17 சதவீதம் வரைதான். மேலே காய்ந்த நெல்லைப் பரப்பி அடியில் ஈர நெல்லை வைப்பதும், வியாபாரி தராசில் கைவைப்பதும் நீதிமொழிகள் 11:1-இன் முன்னால் ஒன்றுதான். நிலையத்தில் நமக்கு அநியாயம் நடக்கிறது என்பதும் உண்மை. அதற்குப் புகார் எழுதலாம், எழுத வேண்டும். ஈர நெல்லை மறைத்துப் பதிலுக்குப் பதில் செய்யக் கூடாது.

வெட்டாற்றங்கரை:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அடைக்கலம் ஐயா, இரண்டு சந்தேகம். கூலி வாங்க வேண்டியவர் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் என்ன செய்வது? எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?

அடைக்கலம்:

அம்மா, ஆள் உயிரோடு இருக்கும்வரை அவருக்குத்தான். போன் நம்பர் கேட்டு வாங்கி முதலில் பேசுங்கள், பிறகு ஜிபேயில் அனுப்புங்கள். சொல்லாமல் பணம் மட்டும் அனுப்பினால் தவறாக வந்ததோ என்று அவர் பயப்படுவார். அவர் சம்மதித்தால் ஊரில் இருக்கும் மனைவி கையில் கொடுக்கலாம். காலமாகிவிட்டிருந்தால் பிள்ளைகளுக்கு. வாங்க உறவென்று ஒருவரும் இல்லாதபோதுதான் எண்ணாகமம் 5:8 படி அது கர்த்தருக்கென்று ஆசாரியனுக்கு.

பேசும்போது "ஏதாவது மனசு கஷ்டப்பட்டிருந்தா மன்னிச்சுக்குங்க" என்று ஆரம்பிக்காதீர்கள், அதில் தவறு யாருடையது என்றே தெரியாது. "தை அறுப்புல ஆறு நாளைக்கு நாளுக்கு அம்பது ரூபா குறைச்சுக் கொடுத்துட்டோம். அது எங்க தப்பு. முந்நூறும் மேல அறுபதும் அனுப்புறேன்" என்று சொல்லுங்கள். மூன்றே வாக்கியம். அந்தப் பேச்சோடு வசனம் சேர்க்க வேண்டாம், சபைக்கும் கூப்பிட வேண்டாம். அவர் கோபமாக இரண்டு வார்த்தை சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த நடவுக்கு அவர் வீட்டு ஆட்கள் வந்தால் பேசின கூலியை நோட்டில் எழுதி, அன்றன்று சாயங்காலமே கொடுத்து, அவர்கள் எதிரிலேயே கணக்கை அடித்துவிடுங்கள்.